கேட்கப்படாத கேள்விக்கு ஒரு பதில்

ஒரு விவரணை நாம் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் அதை என்ன செய்வது? மேலோட்டமாகப் பார்க்கையில் இது குமாஸ்தாக்களின் பிரச்னை. நான் பிழைப்புக்காகச் செய்துவரும் கணினித் தொழிலில் நாற்பது வருஷங்களுக்கு மேலாக நடந்துவரும் வழக்கு இது, இன்னும் தீர்ப்பாகவில்லை. எல்லோரும் இதைத் தொழில்நுட்பச் சச்சரவாகவே நடத்திவருகிறார்கள். எனக்கென்னவோ அடிப்படையில் இது ஒழுக்கம் சார்ந்த கேள்வி என்றே படுகிறது. தொழிலுக்கு வெளியே இருப்பவர்களிடம், அதிலும் வார்த்தைகளைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களிடம், இதை வைத்துப் பார்க்கலாம் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

விஷயத்தை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். புரோகிராம்கள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்பவை பெரும்பாலும் ஒருவகைச் சீட்டுகள்தாம். பெயர்: முருகேசன். வயது: 41. ஊர்: அரியலூர். இடது பக்கம் இருப்பதைச் சாவி என்கிறார்கள். வலது பக்கம் இருப்பது மதிப்பு. இப்படிப்பட்ட ஜோடிகளின் தொகுப்புக்கு மேப் என்று பெயர். பூகோளப் படத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சாவி ஒரு கேள்வி, மதிப்பு அதன் பதில் என்று வைத்துக்கொண்டால் போதும். சீட்டு வந்து சேரும் வாசலில் ஒரு சோதனை உண்டு. தேவையான சாவிகள் எல்லாம் இருக்கின்றனவா, வயது என்ற இடத்தில் எண்தான் இருக்கிறதா என்று அது பார்க்கும். இந்த இரண்டு வேலைகளிலும் யாருக்கும் அபிப்பிராய பேதம் இல்லை. தகராறு மூன்றாவதில் வருகிறது. பெயர், வயது, ஊர் ஆகிய மூன்றைத்தான் கேட்டோம். வந்த சீட்டில் நான்காவதாக, 'தொழில்: தச்சு' என்று இருக்கிறது. பதில் தவறு என்று சொல்ல வழியில்லை, கேள்வியே நம்முடையதல்ல. இப்போது வாசலில் நிற்கிற சோதனை என்ன செய்ய வேண்டும்?

மூன்று காரியங்கள் சாத்தியம். சீட்டையே திருப்பி அனுப்பிவிடலாம். நான்காவது வரியைப் பொருட்படுத்தாமல், ஆனால் அழிக்காமல், சீட்டை அப்படியே உள்ளே விடலாம். அல்லது நான்காவது வரியை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டு மீதியை ஏற்றுக்கொள்ளலாம். மூடிய சோதனை, திறந்த சோதனை, சுரண்டும் சோதனை என்று இவற்றுக்கு நான் பெயர் வைத்துக்கொள்கிறேன்.

மூடிய சோதனைக்காரர்களின் கட்சி பலமானது. ஒரு மருத்துவமனை என்று வைத்துக்கொள்வோம். நோயாளியின் சீட்டில் 'ஒவ்வாமை' என்று ஒரு சாவி. எல்லோருக்கும் ஒவ்வாமை இருக்காதாகையால் அது கட்டாயமில்லை. அனுப்புகிற இடத்தில் யாரோ பன்மையில் எழுதிவிடுகிறார்: 'ஒவ்வாமைகள்: பென்சிலின்'. திறந்த சோதனைக்கு இதில் குறையொன்றும் தெரியாது. கட்டாயச் சாவிகள் எல்லாம் வந்திருக்கின்றன. தெரியாத சாவி ஒன்று கூடுதலாக இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். உள்ளே இருக்கிற புரோகிராம் 'ஒவ்வாமை'யைத் தேடுகிறது. சீட்டில் இல்லை. எனவே நோயாளிக்கு ஒவ்வாமை கிடையாது என்று எடுத்துக்கொள்கிறது. டாக்டர் பென்சிலின் எழுதுகிறார். ஆபத்தைப் பற்றிய தகவல் சீட்டிலேயே இருந்தது. ஆனாலும் அந்த மனிதர் செத்துப்போகலாம்.

பதிவில் இல்லாததை உலகிலும் இல்லை என்று கொள்ளும் இந்தப் பழக்கத்துக்கு ரேமண்ட் ரைட்டர் 1978-இல் வெளியான ஒரு கட்டுரையில் ஒரு பெயர் கொடுத்தார்: மூடிய உலக அனுமானம். இது முட்டாள்தனமான அனுமானம் அல்ல. ரயில்வே கால அட்டவணையில் நாலு மணிக்கு வண்டி போடப்படவில்லை என்றால் நாலு மணிக்கு வண்டி கிடையாது என்றுதான் நாம் முடிவு செய்கிறோம். ஆனால் ஒரு உடம்பு கால அட்டவணை அல்ல. மருத்துவமனை உதாரணத்தில் நேர்கிற விபரீதம் வாசல் திறந்திருந்ததால் மட்டும் வரவில்லை. வாசல் எதையும் விட்டுவிடுகிறது, உள்ளே இருப்பவனோ தனக்குத் தெரிந்ததே எல்லாம் என்று நினைக்கிறான். தனித்தனியே சாதுவான இரண்டு குணங்கள் ஒன்று சேர்ந்து கொலைகாரத்தனம் ஆகின்றன.

இன்னொரு சாட்சியம் கற்பனை அல்ல. புரோகிராமர்கள் தங்கள் மூலநிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்ஹப் என்ற இணையதளத்தில் 2012 மார்ச்சில் நடந்தது. அந்தத் தளம் ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற சாதனத்தால் கட்டப்பட்டது. வருகிற சீட்டில் என்னென்ன சாவிகள் இருந்தாலும் அவற்றை நேரே பதிவேட்டில் ஏற்றிக்கொள்ளும் வசதி ஒன்று ரெயில்ஸில் அப்போது இருந்தது. திரையில் தெரியும் படிவத்தில் சில கட்டங்கள்தாம் உண்டு. ஆனால் அனுப்புகிறவன் படிவத்துக்குக் கட்டுப்பட வேண்டும் என்று என்ன கட்டாயம்? யெகோர் ஹோமகோவ் என்ற ருஷ்யப் புரோகிராமர் இந்த ஆபத்தைப் பற்றி ரெயில்ஸ்காரர்களிடம் முன்பே சொல்லியிருந்தார். அது எடுபடவில்லை. பிறகு அவர் தம் அடையாளச் சாவியைத் தளத்தில் பதிவு செய்யும்போது, படிவம் கேட்காத ஒரு வரியை, இது இன்னாருடைய கணக்கைச் சேர்ந்தது என்ற வரியை, சேர்த்து அனுப்பினார். 'இன்னார்' என்ற இடத்தில் ரெயில்ஸ் திட்டத்தின் கணக்கு எண்ணையே போட்டிருந்தார். தளம் அதை ஏற்றுக்கொண்டது. ரெயில்ஸின் மூலநிரலிலேயே எழுதும் அதிகாரம் அவருக்குக் கிடைத்துவிட்டது. அடுத்த வருஷம் வெளிவந்த ரெயில்ஸின் நான்காம் வடிவில், அனுமதிக்கப்படும் சாவிகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டாக வேண்டும் என்பது வழக்கமாயிற்று.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் திறந்த சோதனைக்காரர்களைத் தள்ளிவிட முடியவில்லை. இணையத்தின் அடிப்படை விதிகளை எழுதியவர்களில் ஒருவரான ஜான் போஸ்டல், 1980-இல் எழுதிய ஆவணங்களில், கொடுக்கும்போது கறாராகவும் வாங்கும்போது தாராளமாகவும் இருக்க வேண்டும் என்ற கருத்தை ஒரு பொது விதியாகவே வைத்தார். தனக்குத் தெரியாத குறியைக் கண்டால் பிரௌசர் அந்தக் குறியை விட்டுவிட்டு உள்ளிருக்கும் எழுத்துக்களைக் காட்டிவிடும்; புதுக் குறிகளோடு எழுதப்பட்ட பக்கங்களைப் பழைய பிரௌசரிலும் ஏதோ ஒரு விதத்தில் வாசிக்க முடிந்தது அதனால்தான். குளோஜர் என்ற கணினி மொழியை உருவாக்கிய ரிச் ஹிக்கி 2016-இல் ஒரு பேச்சில் இன்னும் தெளிவாக வாதித்தார். கேட்பதைக் குறைத்துக்கொள்வதும் கொடுப்பதைக் கூட்டுவதும் வளர்ச்சி. கேட்பதைக் கூட்டுவதும் கொடுப்பதைக் குறைப்பதும் முறிவு. இந்தக் கணக்கில் பார்த்தால் மூடிய சோதனை, கூடுதலாகக் கொடுப்பதைக் குற்றமாக்கிவிடுகிறது. நேற்றுவரை மூன்று வரி கொடுத்தவன் இன்று நான்கு வரி கொடுத்தான் என்பதற்காக உறவே அறுந்துபோகிறது. அதே வருஷம் குளோஜரில் வந்த சோதனைச் சாதனம் கூடுதல் சாவிகளைத் தடை செய்யவில்லை.

இதைவிட ஆழமான ஒரு காரணமும் இருக்கிறது. முருகேசனுக்கே திரும்புவோம். வீட்டுக்காரர் அவரைப் பற்றி வைத்திருக்கும் விவரணை: பெயர், வயது, வாடகை, வேறெதுவும் கூடாது. பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடம் வைத்திருக்கும் விவரணை: பெயர், வயது, பிள்ளையின் வகுப்பு, வேறெதுவும் கூடாது. எல்லா வரிகளும் கட்டாயம். இரண்டும் உண்மை. ஆனால் இரண்டையும் ஒரே சமயத்தில் திருப்தி செய்யும் சீட்டு எதுவும் எழுத முடியாது. வாடகையைச் சொன்னால் பள்ளிக்கூடம் திருப்பி அனுப்பும். வகுப்பைச் சொன்னால் வீட்டுக்காரர் திருப்பி அனுப்புவார். இரண்டு மூடிய விவரணைகளைச் சேர்த்தால் மனிதன் இல்லாமல் போகிறான். ஜேசன் ஸ்கீமா என்ற விவரண மொழியில் இது தர்க்க விளையாட்டாக அல்லாமல் அன்றாடத் தொல்லையாகவே இருந்துவந்தது. 2019-ஆம் வருஷ வடிவில், விவரணைகளை எல்லாம் சேர்த்த பிறகு எவற்றாலும் விளக்கப்படாமல் எஞ்சுகிற சாவிகளை மட்டும் தடுக்கும் புது விதி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதாவது கதவைச் சாத்துவதானால் கடைசியில் சாத்த வேண்டும். வீட்டில் எல்லோரும் வந்துவிட்டார்களா என்று தெரிந்தவன் சாத்த வேண்டும்.

இரு தரப்பும் பேசி முடித்த இடத்தில் சமரசக்காரர் எழுந்திருக்கிறார். நான் பணியாற்றிய இடங்களில் எல்லாம் இவர் உண்டு. இவ்வளவு சண்டை எதற்கு, தெரியாத வரியைச் சுரண்டிப் போட்டுவிடு. அனுப்புகிறவனுக்குத் தடை இல்லை, நமக்கும் ஆபத்து இல்லை என்பார். ஹோமகோவ் அனுப்பியது போன்ற வரி உள்ளே வராது. தச்சரின் சீட்டும் திரும்பிப் போகாது. இதைவிட நாகரிகமான ஏற்பாடு இருக்க முடியாது என்றுதான் யாருக்கும் தோன்றும். நடைமுறையில் பெரும்பாலும் ஜெயிப்பது இவர்தான். என் கட்சி, மூன்றில் ஒழுக்கக்கேடானது இதுதான் என்பது.

ஒரு சமயம், சிறு மருத்துவ நிலையங்களிலிருந்து நோயாளிச் சுருக்கங்களை வாங்கிப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் ஏற்பாடு ஒன்றில் நான் வேலை செய்தேன். சில நிலையங்களில் நர்ஸ்கள் தாங்களாகவே ஒரு சாவியைச் சேர்த்திருந்தார்கள்: 'தனியாக வசிக்கிறார்'. அதை யாரும் கேட்கவில்லை. ஆனால் ஆபரேஷன் முடிந்த கிழவியை வீட்டுக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று முடிவு செய்பவருக்கு, ரத்த அழுத்தத்தைக் காட்டிலும் அது முக்கியம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நடுவில் இருந்த புரோகிராம், எனக்கு முன்பே அங்கு வந்துவிட்ட ஒன்று, அந்த வரியைச் சுரண்டிவிட்டு, சீட்டு நல்லபடியாக வந்து சேர்ந்தது என்று பதில் அனுப்பிக்கொண்டிருந்தது. நர்ஸ்கள் சொல்லிவிட்டோம் என்று இருந்தார்கள். மருத்துவமனை, யாரும் சொல்லவில்லை என்று இருந்தது. பொய் சொன்னவர் யாருமில்லை. ஆனால் நடுவில் ஒரு பொய் இருந்தது. மறுத்திருந்தால் நர்ஸ்கள் டெலிபோனிலாவது கூப்பிட்டுச் சொல்லியிருப்பார்கள்.

பெரிய நிறுவனங்களும் இந்தப் பாதையில் போய்த் திரும்பியிருக்கின்றன. புரோகிராம்கள் சீட்டுப் பரிமாறிக்கொள்வதற்காகக் கூகுள் உருவாக்கிய புரோட்டோகால் பஃபர் என்ற முறையின் மூன்றாம் வடிவம் 2016-இல் வந்தது. முந்தைய வடிவம் தெரியாத சாவிகளைப் பத்திரமாகச் சுமந்து சென்றது. இந்த வடிவம் அவற்றை உதிர்த்துவிட்டது. அனுப்புகிறவரும் பெறுகிறவரும் புதியவர்களாக இருந்து, நடுவில் இருப்பவர் மட்டும் பழையவராக இருந்தால், புதிய சாவி அவர் கையில் சத்தமில்லாமல் செத்துப்போகும். 2017-இல், 3.5 என்ற வடிவில், சுமந்து செல்லும் பழைய வழக்கத்தை மீண்டும் கொண்டுவந்தார்கள்.

ஆக, எந்தச் சோதனை சரி என்று பொதுவாகக் கேட்பதே பிசகு. நான் இந்தச் சீட்டை வைத்து என்ன செய்யப்போகிறேன் என்பதுதான் முதல் கேள்வி. சுமந்து சென்று இன்னொருவரிடம் சேர்ப்பது மட்டும் என் வேலை என்றால், எனக்குப் புரியாததைத் தொட எனக்கு உரிமை இல்லை. தபால்காரர் கடிதத்தில் தமக்குப் புரியாத வரிகளை அடித்துவிட்டுக் கொடுப்பதில்லை. அதை வைத்து நான் ஒரு காரியம் செய்யப்போகிறேன், பதிவேட்டில் ஏற்றப்போகிறேன், மருந்து கொடுக்கப்போகிறேன் என்றால், எனக்குப் புரியாத வரியோடு கூடிய சீட்டின் மேல் நான் கையெழுத்துப் போடக்கூடாது. அங்கே மறுப்பதே நேர்மை. சுமப்பவன் திறந்திருக்கட்டும், செயல்படுபவன் மூடியிருக்கட்டும். இரண்டிலும் அந்த வரி அதன் முழு வடிவில் யாரோ ஒருவர் கண்ணில் படுகிறது. சுரண்டுகிறவனிடம் மட்டும்தான் அது யார் கண்ணிலும் படாமல் போகிறது.

நம் ஊர்ப் பதிவு அலுவலகத்துக்கு இந்த விவேகம் எப்போதோ இருந்திருக்கிறது. 1908-ஆம் வருஷப் பதிவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, அடித்தல் திருத்தல், இடைச்செருகல், காலி இடம் இவை உள்ள பத்திரத்தில், எழுதிக்கொடுத்தவர்கள் அந்தந்த இடத்தில் கையெழுத்தோ சுருக்கொப்பமோ போட்டு உறுதி செய்யாவிட்டால், அதை வாங்க மறுக்கலாம் என்கிறது. இடைச்செருகலைத் தாமே அழித்துவிட்டு மீதியைப் பதிவு செய்யலாம் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. 71-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. பதிவு செய்ய மறுத்தால் சார்பதிவாளர் அதற்கான காரணத்தை 2-ஆம் புத்தகத்தில் எழுதிவைக்க வேண்டும். பத்திரத்தின் மேலும் மறுக்கப்பட்டது என்று குறிக்க வேண்டும். மறுக்கும் அதிகாரம் உண்டு, ஆனால் மறுப்பு ஒரு தடயத்தை விட்டுச் செல்ல வேண்டும். எந்தச் சாவியை மறுத்தேன் என்று பெயர் சொல்லாமல் 'சீட்டு தவறு' என்று மட்டும் திருப்பி அனுப்புகிற புரோகிராம், இந்த வெள்ளைக்காரன் காலத்துக் குமாஸ்தாவைவிடத் தாழ்ந்தது.

இங்கே என் கட்சிக்கே எதிரான ஒரு வாதத்தைச் சொல்லியாக வேண்டும். மறுப்பு நேர்மையானது என்பது சமமானவர்களுக்கு இடையில்தான் செல்லும். இரண்டு புரோகிராமர்கள் என்றால் மறுப்பு ஒரு சம்பாஷணையின் தொடக்கம். கவுன்டரின் இந்தப் பக்கம் நிற்பவனுக்கோ, படிவத்தில் கட்டம் இல்லை என்ற பதில் சம்பாஷணையின் முடிவு. 1961 சென்சஸ் 1652 தாய்மொழிப் பெயர்களைப் பட்டியல் போட்டது. 1971-இல் 10,000 பேருக்கு மேல் பேசும் மொழிகளை மட்டுமே தனிப் பெயரோடு வெளியிட்டார்கள். மொழியின் பெயர் சாவி, பேசுவோர் தொகை மதிப்பு என்று அந்த அட்டவணையைப் பார்த்தால், இதுவும் நம் பிரச்னைதான். யாரையும் கணக்கெடுக்க மறுக்கவில்லை. மொத்தத் தொகையில் அந்த மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மொழியின் பெயர் மட்டும் இல்லை. எல்லை எதுவென்று வெளிப்படையாகச் சொல்லிச் செய்ததாகையால் இதை ரகசியச் சுரண்டல் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 'இதர' என்ற கட்டத்தின் ஸ்வரூபம் இதில் தெரிகிறது. அது மதிப்பை வாங்கிக்கொண்டு சாவியைத் தொலைத்துவிடும் கட்டம். தாராளம் போன்ற தோற்றம் அதற்கு உண்டு.

எனவே மறுக்கிறவனுக்கு இன்னொரு கடமையும் சேர்கிறது. மறுத்தவற்றின் பெயர்களை அவன் மறக்காமல் வைத்திருக்க வேண்டும். அதே சாவி பத்துத் தடவை வந்து திரும்பிப்போனால், தன் படிவத்தில் ஏதோ குறை என்று அவனுக்குப் பட வேண்டும். நம் இலக்கணக்காரர்கள் இதை வேறு விதத்தில் தீர்த்துவைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். இவ்வளவுதான் என்று வரையறுத்துக்கொண்டே போகும் தொல்காப்பியத்தில், பல இடங்களில் இறுதியாக ஒரு புறனடைச் சூத்திரம் வரும். சொல்லாமல் விடுபட்டவை வழக்கில் தென்பட்டால், சொன்னவற்றின் நெறியை வைத்து ஆராய்ந்து ஏற்றுக்கொள் என்பது அதன் தாத்பரியம். எது வந்தாலும் விட்டுவிடு என்று அது சொல்லவில்லை. என் பட்டியல் உலகத்தின் எல்லை என்றும் சொல்லவில்லை. பட்டியலைப் பட்டியலாகவே வைத்துக்கொண்டு, அதைத் திருத்தும் உழைப்பை அடுத்து வருகிறவன் தலையில் ஏற்றுகிறது. மார்ட்டின் தாம்ஸனும் டேவிட் ஸ்கினாஸியும் 2023 ஜூனில் வெளியிட்ட இணைய ஆவணம், போஸ்டலின் தாராளத்தைக் கேள்விக்குள்ளாக்கிவிட்டுக் கடைசியில் வந்து சேரும் இடமும் ஏறக்குறைய இதுதான். பிழைகளைச் சகித்துக்கொண்டே போனால் அவையே விதியாகிவிடுகின்றன. எனவே விதிகளைத் தொடர்ந்து பராமரிக்க ஆட்கள் வேண்டும் என்கிறார்கள். சகிப்புத்தன்மை பல நேரங்களில் உழைப்பைத் தட்டிக்கழிக்கும் உபாயம் என்பதை இவ்வளவு வறண்ட மொழியில் வேறு எங்கும் நான் படித்ததில்லை.

இந்த மூன்று பேரும் நம் விமர்சனத்திலும் உலவுகிறார்கள் என்பதைச் சொல்லாமல் முடிக்க முடியவில்லை. 1959-இல் 'எழுத்து' தொடங்கிய பிறகு, யாப்பு இல்லாததைக் கவிதை என்று ஏற்க முடியாது என்று காரணத்தோடு மறுத்தவர்கள் இருந்தார்கள். அவர்களோடு சண்டை போட முடிந்தது. அந்தச் சண்டையில் புதுக்கவிதைக்குத் தன்னைப் பற்றிய பிரக்ஞை கூடியது. புரியாவிட்டாலும் அச்சேற்றி அடுத்தவரிடம் சேர்த்தவர்களும் இருந்தார்கள். நான் அஞ்சுவது இவர்களில் யாரையும் அல்ல. ஒரு கவிதையில் தன் அட்டவணையில் இருக்கிற மனிதநேயம், இயற்கை, சமூக உணர்வு ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொண்டு, பெயர் தெரியாத அந்த ஒன்றைச் சுரண்டிவிட்டு, அருமையான கவிதை என்று பாராட்டும் விமர்சகனைத்தான். கவிஞனுக்குக்கூடத் தன்னிடமிருந்து எது போயிற்று என்று தெரியாமல் போய்விடும்.

நான் எழுதும் சோதனைகளில் இப்போது ஒரு சின்ன விஷயத்தில் பிடிவாதமாக இருக்கிறேன். தெரியாத சாவி வந்தால் பெரும்பாலான புரோகிராம்கள், 'செல்லாத சாவி' என்று பதில் சொல்கின்றன. செல்லாது என்பது சாவியைப் பற்றிய தீர்ப்பு. அந்தத் தீர்ப்பைச் சொல்ல வாசலில் நிற்கும் நாலு வரிப் புரோகிராமுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? உள்ளதைச் சொன்னால் போதும்: 'தொழில்' என்ற சாவி எனக்குத் தெரியாது, ஆகையால் இந்தச் சீட்டை வாங்க மாட்டேன். சீட்டு எப்படியும் திரும்பித்தான் போகிறது. ஆனால் அதை எடுத்துக்கொண்டு திரும்புகிறவர், தவறு தன்னுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போக வேண்டியதில்லை.